ஓரியின் அம்பு ஏன் மரக்கட்டையில் ஏறவில்லை?
கொல்லிமலைக் காட்சிகளும் தமிழ்ச் செதுக்குப் படங்களும்

1. கேள்வி

கொல்லிமலையைப் பற்றிச் சங்கப் பாடல்கள் தரும் காட்சிகளில் குறைந்தது மூன்றையாவது எந்தச் செதுக்குக் கலைஞனும் விட்டுவைக்க மாட்டான். ஓரி எய்த ஒரே அம்பு ஐந்து விலங்குகளை ஊடுருவிச் செல்கிறது (புறநானூறு 152). அந்த ஓரியைக் கொன்ற காரி அவனுடைய தெருவுக்குள் நுழையும்போது ஊரே ஆரவாரிக்கிறது (நற்றிணை 320). காற்று, மழை, இடி, நில அதிர்ச்சி எதுவந்தாலும் அழகு குன்றாத பாவை ஒன்று அந்த மலையில் நிற்கிறது (நற்றிணை 201).

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கி ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்காலம் சென்னை அச்சுக்கூடங்கள் கதைப் புத்தகங்களுக்கென்று மரக்கட்டைகளைச் செதுக்கித் தள்ளின. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்தாள். தேசிங்குராஜன் குதிரை ஏறினான். அல்லி அர்ச்சுனனைத் துரத்தினாள். இந்தக் கூட்டத்தில் ஓரி இல்லை, காரி இல்லை, கொல்லிப்பாவையும் இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிது: சங்க நூல்கள் தாமதமாக அச்சேறின, படத்துக்கும் தாமதமாகவே வந்தன. இந்த விடை பாதிதான் சரி என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. மீதிப் பாதி, இக்காட்சிகள் பாடல்களுக்குள் இருக்கும் விதத்திலும், படத்துக்காக எந்தக் கணத்தைத் தேர்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

2. பாடலுக்குள் காட்சி இருக்கும் விதம்

வன்பரணரின் புறநானூற்றுப் பாடலை அம்பின் கதையாக நினைவில் வைத்திருக்கிறோம். யானை வீழ்கிறது, வாய்பிளந்த புலி சாகிறது, புள்ளிமான் உருள்கிறது, பன்றி சாய்கிறது, புற்றுக்குள் இருந்த உடும்பின்மேல் அம்பு போய்த் தைக்கிறது. பெரிதிலிருந்து சிறிதுக்கு, வெளியிலிருந்து பொந்துக்குள் இறங்கும் இந்த வரிசை ஒரு கணக்குப்போல அமைந்திருக்கிறது. ஆனால் பாடலில் இதற்கான இடம் தொடக்கச் சில அடிகளே. அதன்பின் பாட்டு வேறு பக்கம் திரும்புகிறது.

பேசுபவன் பாணன். காட்டில் வழி நடக்கும் பாணர் கூட்டம் வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. மார்பில் மாலையும் சந்தனமும் பூண்டவன். கூலிக்கு வேட்டையாடுபவன் போலத் தெரியவில்லை. இவன் ஓரியோ, வேறு எவனோ என்ற ஐயம் எழுகிறது. விறலியரை அழைத்து முழவும் யாழும் பிற கருவிகளும் முழங்கப் பாடத் தொடங்குகிறார்கள். பாட்டின் முடிவில் தலைவனை விளிக்கும் சொல் வந்ததும் அவன் நாணுகிறான். அது தன் பெயராக இருந்ததே காரணம். உன்னைப்போல் ஒரு வேட்டுவனை நாங்கள் கண்டதில்லை என்று அவர்கள் புகழத் தொடங்க, அதை முடிக்க விடாமல் இறைச்சியும் மதுவும் தருகிறான். தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிலேயே அள்ளிக் கொடுக்கிறான்.

நாடகத்தின் உச்சம் இங்கே அம்பில் இல்லை. அடையாளம் தெரியாத ஒருவன் தன் பெயரைப் பிறர் வாயில் கேட்டு முகம் கவிழ்க்கிறானே, அந்த நொடியில் இருக்கிறது. அம்பு, அவன் யார் என்ற ஐயத்துக்குத் தொடக்கமாக வைக்கப்பட்ட சான்று மட்டுமே.

காரி–ஓரி போர் இதைவிடச் சிக்கலானது. சிறுபாணாற்றுப்படை கடையெழு வள்ளல்களைச் சொல்லும் இடத்தில் இருவரும் பொருததைக் குறிக்கிறது. இருவர் குதிரைகளுக்கும் அவரவர் பெயரே என்பதும் அங்கிருந்துதான் தெரிகிறது. காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூறு 209இல் கல்லாடனார் பாட்டில் வருகிறது. காரி தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் கபிலரின் நற்றிணைப் பாட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டின் பொருளோ பரத்தை ஒருத்தி தெருவில் நடந்ததால் ஊரில் எழுந்த சலசலப்பு. ஓரியின் வீழ்ச்சி அதற்கு உவமை. கதை முழுவதும் உண்டு: வேட்டை, கொடை, போர், சாவு, மலை கைமாறுதல். ஆனால் அது தொடர்கதையாக ஓரிடத்தில் இல்லை. ஒரு காதல் பாட்டின் உவமையிலும் இன்னொரு ஆற்றுப்படையின் பட்டியலிலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

பாவையைப் பொறுத்தவரை புலவர்கள் இன்னும் கைச்சிக்கனம் காட்டுகிறார்கள். குறுந்தொகை 89இல் அதைத் தெய்வம் மலையில் வரைந்தது. நற்றிணை 192இல் பூதம் அமைத்தது. இயற்றியவர் யார் என்பதிலேயே ஒருமிப்பு இல்லை. தலைவியின் அழகுக்கு ஒப்பாக வரும் அப்பாவைக்கு முகம், கை, நிற்கும் நிலை எதுவும் விரித்துச் சொல்லப்படவில்லை. பார்த்தவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் பாவை என்ற பரவலான கதையை இந்தப் பாடல்களில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சிலப்பதிகாரக் கடலாடு காதையின் பதினோர் ஆடல்களில், அவுணரை எதிர்த்துத் திருமகள் ஆடும் பாவைக் கூத்தைக் கொல்லிப்பாவையோடு சேர்த்துப் படிக்கும் மரபு இந்த மயக்குதல், அழித்தல் என்ற அம்சங்களுக்கு வழி விட்டிருக்கலாம். எப்படியும், சங்கப் பாடல்களின் பாவை ஏற்கெனவே ஒரு படம். அதை மேலும் படமாக்க விரும்புகிறவன் புலவர் வேண்டுமென்றே காலியாக விட்ட இடத்தை நிரப்பியாக வேண்டும்.

3. மலையடிவாரத்துக் கல்

நாடகக் காட்சியைச் செதுக்கும் கலை இப்பகுதிக்குப் புதிதன்று. கொல்லிமலையின் தெற்கே சமவெளியில் நிற்கும் நாமக்கல் பாறையில், எட்டாம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைவித்த இரு குடைவரைகள் உள்ளன. நரசிம்மர் குடைவரையில் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் காட்சி, தமிழகத்தின் வன்மையான புடைப்புச் சிற்பங்களில் ஒன்று. திரிவிக்கிரமன் காலை உயர்த்தி நிற்கிறான். வராகம் நிலமகளைத் தாங்குகிறது. ஒவ்வொன்றும் கதையின் ஒரே ஒரு கணம்; முன்னும் பின்னும் பார்ப்பவன் மனத்தில் ஓடும் என்ற நம்பிக்கையில் வெட்டப்பட்டவை.

நடுகற்கள் இன்னொரு வகை. ஆநிரை மீட்டு விழுந்தவன், புலியோடு பொருது மாண்டவன் ஆகியோரின் உருவமும் செயலைச் சொல்லும் எழுத்தும் ஒரே கல்லில் இடம்பெறுகின்றன. இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்களைப் புரட்டினால், எழுத்தும் செதுக்குப் படமும் ஒன்றையொன்று தாங்கும் முறை அச்சுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்குத் தேர்ந்திருந்தது புலப்படும்.

ஆக, கல்லுக்குக் காட்சி தெரியும். அது எந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளும் என்பதை வழிபாடு தீர்மானித்தது. நரசிம்மனுக்குப் பூசை உண்டு. நடுகல் வீரனுக்குப் படையல் உண்டு. ஓரிக்கு இரண்டும் அமையவில்லை. இராசிபுரம் கைலாசநாதர் கோயிலை அவனோடு இணைத்துச் சொல்லும் வழக்கு ஊரில் உண்டென்றாலும், கற்கோயில் எழுந்த காலத்தையும் ஓரியின் காலத்தையும் ஒப்பிட்டால் அதை வரலாறாகக் கொள்வது கடினம். ஊர் தன் தலைவனுக்குப் பின்னாளில் ஒரு கோயிலைத் தேடிக் கொடுத்தது என்று கொள்வதே பொருத்தம். மலைமேல் அறப்பளீசுவரருக்குச் சோழர்காலக் கல்வெட்டுகளும், பின்னாளில் அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகமும் கிடைத்தன. சதகம் திண்ணைப் பள்ளிகளிலும் மலிவு அச்சிலும் நன்றாகப் புழங்கியது. அறநெறி கூறும் சதகத்தில் செதுக்குவதற்கு நாடகக் காட்சி ஏது? கொல்லிமலையின் பெயரோடு பரவலாக அச்சேறிய நூலுக்குப் படம் தேவைப்படவில்லை. படம் கேட்கும் பாடல்களோ ஏட்டில் கிடந்தன.

4. மரம்

1835இல் இந்தியர் அச்சுக்கூடம் வைத்துக்கொள்ளத் தடைகள் நீங்கியபின், சென்னையில் தமிழ் அச்சுத் தொழில் பெருகியது. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கும் கற்றுத்தரப்பட்டது. ஆனால் கதைப் புத்தகங்களுக்குக் கட்டை வெட்டியவர்களின் கைவரிசை பள்ளிக்கூடத்து வரிசையன்று. திரைச்சீலையும் தேரும் செய்தவர்களின் கண்ணோட்டம் அதில் தெரிகிறது. வங்காளத்தில் 1816ஆம் ஆண்டிலேயே கங்காகிஷோர் பட்டாச்சார்யா செதுக்குப் படங்களுடன் ‘அன்னதாமங்கல்’ நூலை வெளியிட்டார். அங்கும் தொழிற்பட்டவை உள்ளூர்க் கைகளே.

ஐரோப்பாவில் இதே காலத்தில் மரச்செதுக்கு வேறொரு உயரத்தைத் தொட்டிருந்தது. தாமஸ் பியூயிக் வளர்த்தெடுத்த முறையில், மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் உளியூசியால் கோடிழுப்பார்கள். மயிரிழைக் கோடுகூட நிற்கும். இதைக் கொண்டு குஸ்தாவ் டோரே 1861இல் தாந்தேயின் நரகத்தையும் 1863இல் தோன் கிஹோத்தேயையும் இருளும் ஒளியுமாக நிறைத்தார். அவர் வரைவார், வெட்டுவது வேறு கைகள். அதற்கு முன்பே, ஜான் பாய்டெல் 1789இல் லண்டனில் திறந்த ஷேக்ஸ்பியர் ஓவியக்கூடத்தின் நோக்கம், நாடகக் காட்சிகளை வரைவித்துச் செம்புத் தகட்டில் பொறித்து விற்பது. இலக்கியக் காட்சியின் செதுக்குப் படம் அங்கே செல்வர் வீட்டு நூலகத்தை நோக்கிச் சென்றது.

தமிழில் அது எதிர்த்திசையில் சென்றது. பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்றோர் வெளியிட்ட ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் சந்தையிலும் முச்சந்தியிலும் விற்றன. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கு ஏற்ற பருத்த எழுத்து, சேர்ந்து உட்கார்ந்து கேட்பவருக்குக் காட்டப் படம். பலகையின் நீளவாட்டு முகத்தில் கத்தியால் வெட்டிய தடித்த கோடுகள். ஆழம் காட்டும் முயற்சி இல்லை. அரசன் பெரியவன், ஏவலாள் சிறியவன். ஒரே சட்டத்துக்குள் இருவேறு நேரங்கள் அருகருகே நிற்கும். அச்செழுத்தின் உயரத்துக்குச் சமமாகக் கட்டையைச் சீவி எழுத்தோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டிவிடலாம் என்பதால் செலவும் குறைவு. ஒரு நூலில் அரிச்சந்திரனாக வீற்றிருந்த மன்னன் மற்றொரு நூலில் நளனாக மறுபடி வீற்றிருப்பான்.

இந்த மலிவையும் மறுபயன்பாட்டையும் கலைக்குறை என்று தள்ளுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐந்து விலங்குகளை வரிசையில் துளைக்கும் அம்பைக் காட்ட, ஆழமும் கோணமும் தெரிந்த டோரேயின் முறை தடுமாறும். யானைக்குப் பின்னால் புலி மறையும், பொந்துக்குள் உடும்பு தெரியவே தெரியாது. பொந்தை நெடுக வெட்டிக் காட்டவும், ஐந்தையும் ஒரே கோட்டில் கோக்கவும் கூசாதவன் பெரிய எழுத்துக் கட்டைக்காரன். அந்தப் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான கை அமைந்திருக்க முடியாது. ஒரே ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கும்: கட்டையில் வெட்டியது அச்சில் இடம்வலம் மாறி விழும். நேராகப் படியெடுத்து வெட்டினால் வல்வில் ஓரி இடக்கைக்காரன் ஆகிவிடுவான்.

5. ஏன் நடக்கவில்லை?

காலக் காரணத்தை முதலில் எடைபோடலாம். பத்துப்பாட்டை 1889இலும் புறநானூற்றை 1894இலும் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தார். நற்றிணையைப் பின்னத்தூர் நாராயணசாமி ஐயரும், குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனும் 1915இல் வெளியிட்டனர். 1894க்குப் பிறகும் கதைப் புத்தகங்களின் மரக்கட்டைப் படங்கள் பல பத்தாண்டு ஓடிக்கொண்டிருந்தன. அச்சேறாத குறைதான் தடை என்றால் அது நீங்கியபின் ஓரி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலம் மட்டும் போதிய விளக்கமாகாது.

இரண்டாவது, சந்தை. பதிப்பாசிரியர்கள் பாடபேதம், பழைய உரை, அரும்பத அகராதி என்ற உலகத்தில் இயங்கினர். நூலின் பழமையும் பெருமையும் நிறுவப்பட வேண்டிய காலம் அது. கதைப் புத்தகங்களைத் தாங்கிய மரக்கட்டைப் படம் அந்த நூல்களின் கௌரவத்தோடு ஒட்டவில்லை. படம் என்பதே படிக்கத் தெரியாதவருக்கு என்ற எண்ணம் இரு தரப்பையும் பிரித்தது. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் காட்டும் அந்தப் பரந்த மலிவு அச்சுலகமும், சங்க நூற் பதிப்புலகமும் ஒரே நகரில் இருந்தும் ஒன்றின் சரக்கை மற்றொன்று தொடவில்லை.

மூன்றாவது காரணமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. பெரிய எழுத்துக்கு வேண்டியது நீண்ட கதை: பிறப்பு, பிரிவு, வஞ்சகம், சாவு, சில வேளை மீண்டு எழுதல். ஓரிக்கு அந்தக் கதை உண்டு என்று மேலே பார்த்தோம். ஆனால் அது புறப்பாட்டிலும் அகப்பாட்டின் உவமையிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டி ஓர் அம்மானையாகவோ மாலையாகவோ யாரும் கட்டவில்லை. அல்லிக்கும் பவளக்கொடிக்கும் பாரதத்தில் இல்லாத கதையை நாட்டுப் புலவர்கள் கட்டிக் கொடுத்தார்கள். கட்டைக்காரன் அதைப் பின்பற்றினான். அவன் நூலைப் படிப்பவன் அல்லன், கதையைக் கேட்பவன். ஓரியின் கதை அவன் காதில் விழவே இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: கொல்லிமலை மக்களிடம் வாய்மொழியாகக் கதைகள் இருந்திருக்குமே? மலையில் எட்டுக்கை அம்மனைக் கொல்லிப்பாவையாக வணங்கும் மரபும், சித்தர் குகைகளைப் பற்றிய கதைகளும் வலுவாக உள்ளன. ஆனால் அவை மலையையும் அதன் தெய்வத்தையும் சுற்றியவை. மேலும் சென்னையின் அச்சு வணிகம் எடுத்துக்கொண்டது, ஏற்கெனவே கூத்திலும் உடுக்கடிப் பாட்டிலும் ஊர் ஊராகப் பரவியிருந்த கதைகளை. மலைக்குள் அடங்கிய கதை கீழே இறங்கி அச்சேறுவதற்கு அந்தப் பாதை வேண்டும்.

6. துத்தநாகம்

கொல்லிமலையின் நாடகம் படத்தோடு வெகுமக்களை அடைந்தது வேறொரு செதுக்கு முறையின் காலத்தில். வரைந்த கோட்டுப்படத்தைப் புகைப்படம் எடுத்துத் துத்தநாகத் தகட்டில் பதித்து, கோடில்லாத பகுதியை அமிலத்தால் அரித்து, மரத்துண்டில் ஆணியடித்து எழுத்துயரத்துக்குக் கொண்டுவரும் ‘பிளாக்’ அது. உளியின் வேலையை அமிலம் பார்த்தது. இருந்தும் மேடு மட்டும் மை ஏற்கும் என்ற மரக்கட்டையின் விதி மாறவில்லை. மாறியது ஓவியனின் இடம். வெட்டுபவனுடைய கைத்தடம் மறைந்து, வரைந்தவனின் தூரிகைக் கோடும் கையெழுத்தும் நேராக வாசகனிடம் வந்தன.

1941இல் தொடங்கிய ‘கல்கி’ இதழில் ‘பார்த்திபன் கனவு’ தொடராக வந்தது. அரசி அருள்மொழி கபால பைரவரின் ஆட்களால் கடத்தப்பட்டு அடைபடுவதும், பொன்னன் அவளைத் தேடிச் செல்வதும் கொல்லிமலைப் பகுதியில். குகை, குள்ளன், இருட்டு, காவல்: தொடர்கதைக்குரிய எல்லா உறுப்புகளும் அந்த மலைக்கு வந்து சேர்ந்தன. பிற்பாடு ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த படங்கள் (1950–54) காட்டியது போல, வாரந்தோறும் வாசகன் முதலில் பார்ப்பது படத்தை, பிறகுதான் அந்தக் கணம் எங்கே வருகிறது என்று தேடிப் படிப்பான். மலைக்குப் படம் கிடைத்தது. ஆனால் அதற்கு இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியர் ஒருவர் அந்த மலையில் கதையை வைக்க வேண்டியிருந்தது.

ஓரி வேறு வழியில் திரும்பினான். வள்ளல்கள் எழுவரைப் பள்ளிப் பாடமும், கி.வா. ஜகந்நாதனின் ‘எழு பெரு வள்ளல்கள்’ போன்ற உரைநடை நூல்களும் பரப்பின. கொல்லிமலைமேல் செம்மேட்டில் அவனுக்குச் சிலை வந்தது. ஆடி 17, 18 நாள்களில் அரசு விழா நடக்கிறது, வில்வித்தைப் போட்டியும் உண்டு. வழிபாடு கொடுக்காத இடத்தை அரசும் தமிழுணர்வும் கொடுத்தன. பாவைக்கோ இதழியலில் இன்னொரு வாழ்வு: எழுபதுகளில் அ. ராஜமார்த்தாண்டன் நடத்திய சிற்றிதழ் ‘கொல்லிப்பாவை’ என்ற பெயரைத் தாங்கியது. முகம் சொல்லப்படாத பாவை சிறுபத்திரிகைக்குப் பொருத்தமான பெயர்தான்.

7. எந்தக் கணம்?

1766இல் லெஸ்ஸிங் ‘லாவோகூன்’ நூலில் கேட்ட கேள்வி இங்கே உதவும். கவிதை நேரத்தில் நகர்கிறது. படம் ஒரே நொடியில் நிற்கிறது. எனவே உச்சத்தைக் காட்டுவதைவிட, பார்ப்பவனின் கற்பனைக்கு முன்னும் பின்னும் இடம் விடும் நொடியைத் தேர்வதே ஓவியனுக்கு நல்லது என்றார். நாமக்கல் நரசிம்மனின் சிற்பி இந்த அறிவுரையை எட்டாம் நூற்றாண்டிலேயே மீறி, உச்சத்தையே கல்லில் நிறுத்தி வெற்றி கண்டிருக்கிறான். விதி உலகப் பொதுவானதன்று என்பதற்கு அதுவே சான்று. இருந்தும் ஓரியின் பாடலுக்கு லெஸ்ஸிங்கின் கேள்வி பொருந்துகிறது.

வில்லை வளைத்து நிற்கும் ஓரி பெயருக்கு ஏற்ற உருவம். ‘வல்வில்’ என்ற அடைமொழியே அந்தத் தேர்வைச் செய்துவிடுகிறது. அம்பு எய்யும் நிலை நடுகல் மரபில் பழகிய நிலை, பார்த்தவுடன் புரியும். ஆனால் இந்தத் தேர்வில் பாணர்கள் காணாமல் போகிறார்கள். விறலியும் முழவும் யாழும் போகின்றன. பாடலின் பேச்சாளனே படத்துக்கு வெளியே தள்ளப்படுகிறான். எஞ்சுவது ஆற்றல்; ஆற்றலுடையவன் கூசிய கூச்சம் போய்விடுகிறது. வன்பரணர் வீரத்தைச் சொல்லி அதைக் கொடையாலும் நாணத்தாலும் அளந்தார். நம் படிமங்கள் அளவுகோலை விட்டுவிட்டு அளக்கப்பட்டதை மட்டும் வைத்துக்கொண்டன.

நாணத்தை வரைவது கடினம் என்பது உண்மை. தலை குனிந்த வேட்டுவன் ஒருவனை மட்டும் வரைந்தால் அவன் ஏன் குனிகிறான் என்று யாருக்கும் தெரியாது. காரணம் அவனுக்குப் பின்னால் வரிசையாகக் கிடக்க வேண்டும், அவனுக்கு முன்னால் பாடிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது இரண்டு நேரங்கள் ஒரே சட்டத்தில் வேண்டும்: இடப்புறம் யானையிலிருந்து உடும்புவரை கோத்த அம்பு, வலப்புறம் முழவோடு பாணர், நடுவே பொன்னை எடுக்கக் கை நீட்டியபடி அவர்களைப் பார்க்காமல் நிற்பவன். பெரிய எழுத்துப் புத்தகங்களுக்குக் கட்டை வெட்டியவர்கள் இப்படிப்பட்ட சட்டங்களை நளனுக்கும் நல்லதங்காளுக்கும் வெட்டிப் பழகியவர்கள். கோணமும் ஆழமும் கற்ற பின்வந்த ஓவியர்கள் ஒரு சட்டத்துக்கு ஒரு நேரம் என்ற ஒழுங்குக்குள் வந்துவிட்டதால் அம்பையோ கொடையையோ ஒன்றைத்தான் தேர வேண்டியிருந்தது, அம்பையே தேர்ந்தார்கள்.